எந்த ஏழு

தெக்கோங் தீவில் முட்டி வலித்தபோது
எல்லாருக்கும்தான் வலிக்கிறது என்றார் சார்ஜண்ட்.
உண்மைதான்.
முதுகில் மூட்டையோடு பன்னிரண்டு கிலோமீட்டர்,
யாருக்குத்தான் வலிக்காது.
இரண்டு நாள் ஓய்வுச் சீட்டோடு திரும்பியபோது
பங்க்கில் கைதட்டினார்கள்.
நல்ல நடிப்பு யுகேன், எங்களுக்கும் சொல்லிக்கொடு.

நான் படுத்த பிறகும்
அது நடந்துகொண்டிருந்தது.
அப்போதுதான் தெரிந்தது
நடையால் வந்த வலி இல்லை என்று.

படத்தில் என் தொடையெலும்பின் கீழ்முனை
ஈரக்கை பட்ட சாக்பீஸ் எழுத்துப்போல்
கொஞ்சம் கலைந்திருந்தது.
சீக்கிரமே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர் க்வெக்.
யார் பிடிபட்டது என்று
ஒரு கணம் குழம்பினேன்.
வேறெங்கும் பரவவில்லை.
மருந்து, அறுவை, மறுபடி மருந்து.
காலை எடுக்க வேண்டியிருக்காது,
எலும்பு இருந்த இடத்தில் உலோகம் இருக்கும்.

அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார்
நர்ஸ் அமுதவல்லி:
இந்த நிலையில் வருகிற பத்துப் பேரில்
ஏழு பேர், அஞ்சு வருஷம் கழித்தும்
நல்லா இருக்காங்கம்மா.

அம்மாவின் காதில் ஏழு விழுந்தது.
அப்பாவின் காதில் மூன்று.
எனக்குக் கேட்டது
அந்தக் கழித்து மட்டும்.
என் வயது பத்தொன்பது.
அதில் ஐந்தைக் கழித்துப் பார்த்தேன்,
உயர்நிலை இரண்டு, தலை நிறைய முடி,
நீளம் தாண்டுதலில் இரண்டாம் பரிசு.

அப்பா இரட்டை மாடிப் பேருந்து ஓட்டுகிறார்.
ஈசூனுக்குத் திரும்பி லிஃப்டில் ஏறியதும்,
பத்து பஸ்ஸுல ஏழு நேரத்துக்கு வந்தா
அது நல்ல ரூட்டுடா என்றார்.
அதற்குப் பிறகு பதினோரு மாடிக்கு
ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் வீட்டுக் கதவில்
எங்கள் வீட்டுச் சாவி நுழையவில்லை.
கடைசியில் நான்தான் வாங்கித் திறந்தேன்.
பேருந்துச் சாவி அது.

வியாழன்தோறும் ரத்தம் எடுப்பார்கள்.
சுவரோரம் பத்து நாற்காலி.
அதற்குமேல் சொல்ல வெட்கமாயிருக்கிறது,
சொல்கிறேன்.
எண்ணினேன்.
பச்சைச் சட்டைப் பெரியவர், ஒன்று.
கைக்குட்டைக்குள் இருமும் சீனத்துப் பெண்மணி, இரண்டு.
அவர்களுக்கு என்ன நோய் என்றுகூட எனக்குத் தெரியாது.
மூன்றாவது ஆளைத் தேடி
வரிசையின் கடைசிவரை போனபோது
அங்கிருந்த பெண்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீயும் எண்ணுகிறாயா, என்றாள்.
தலையாட்டினேன்.
எனக்கு நீதான் மூன்றாவது, மன்னித்துவிடு.

சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல்
இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.
பெரியவர் பேப்பரைத் தாழ்த்தி முறைத்தார்.
பெயர் இன்ஷிரா. பாலிடெக்னிக் முதலாண்டு.
எனக்கு முட்டி, அவளுக்குத் தோள்.
தலைத்துணியைத் தொட்டுக் காட்டி,
உள்ளே ஒன்றுமில்லை, யாருக்கும் தெரியாது,
உன்னைவிட எனக்கு வசதி என்றாள்.
அவளுக்கும் ஏழு என்றுதான் சொல்லியிருந்தார்களாம்.
அப்படியானால் எந்த ஏழு என்று கேட்டேன்.
யோசித்தாள்.
பத்து நாற்காலிதான் என்று
யார் சொன்னது உனக்கு,
இந்த நாற்காலியில் காலையிலிருந்து
எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள் தெரியுமா?
அதற்குள் அவள் எண்ணை அழைத்துவிட்டார்கள்.

அடுத்த வியாழன் அந்த நாற்காலியில்
யாருடைய பையோ இருந்தது.
அதற்கடுத்த வியாழனும் அவள் இல்லை.
பச்சைச் சட்டைப் பெரியவர் வந்திருந்தார்,
அன்று நீலத்தில்.
அவரைப் பார்த்ததில் எனக்கு
இத்தனை சந்தோஷம் ஏன் என்று
அவருக்குப் புரிந்திருக்காது.

அமுதவல்லியிடம் கேட்டேன்.
அந்தப் பொண்ணை
செவ்வாய்க்கு மாத்திட்டோம் என்றார்
ஊசியைப் பார்த்துக்கொண்டே.
குரலில் ஏதாவது தெரிகிறதா என்று
இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.
செவ்வாய், என்றார்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
முன்பதிவு மேசைக்கு நொண்டிப் போய்
எனக்கும் செவ்வாய் கிடைக்குமா என்றேன்.
திரையில் தேடுகிறார்கள்.
நின்றுகொண்டிருக்கிறேன்,
இடது காலில்.