அப்புத்தளையில் மூடிய போத்தல்

குடித்து முடித்த சோடாப் போத்தலை
இரண்டு முறை உதறி,
பிளாட்பாரத்து மூட்டத்தில் ஆட்டி எடுத்து
மூடியை இறுக்கித் தந்தாள் லோஜினி.
"கொழும்பு போற வரைக்கும் திறக்காத அக்கா.
என்ன நடக்குதுன்னு எழுது."

அவளுக்கு எட்டாம் தரத்து விஞ்ஞானம்.
எனக்குக் காலை எட்டு மணிக்குக் கடை.

பட்டிப்பொளையில் போத்தல் விறைத்துக்கொண்டது,
சண்டைக்கு நிற்கிற சேவலாட்டம்.
டிக்கெட்டின் பின்பக்கம் குறித்தேன்.
அட்டனில் விசேஷமில்லை.
வட்டவளை தாண்டி, கோச்சி ஆட்டத்தில்
கண்ணயர்ந்த நேரம்
மடியில் 'டொக்'.
எதிர் சீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.
நான் போத்தலைப் பார்த்தேன்.
இடுப்பில் ஒரு குழி.

நாவலப்பிட்டியில் இன்னொன்று.
றம்புக்கனை வரும்போது
சம்பளத்துக்கு முந்தின வாரத்துப் பர்ஸ் மாதிரி
ஒட்டிக் கிடந்தது.
ஒருத்தரும் கைவைக்கவில்லை,
ஒரு விரல்கூட.

வெள்ளவத்தை அறையில் ஆறு பேர், ஒரு ஃபேன்.
மற்றவர்கள் எழும்ப முதல்
மூக்கோடு சேர்த்துப் பிடித்துத் திறந்தேன்,
மலைக்குளிர் ஒரு மூச்சாவது வருமென்று.

உஸ்ஸ்.
குழிகள் படபடவென்று நிமிர்ந்தன.
மூக்குக்கு ஒன்றும் வரவில்லை.

"வெளிய எப்படி வரும்?" போனில் சிரித்தாள்.
"அங்கத்தக் காத்துதான் உள்ள போயிருக்கும்.
அங்க அமுக்கம் கூட."

கூடத்தான்.

மூடியைத் திரும்ப இறுக்கி
பெட்டிக்குள், சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.
பொங்கலுக்கு மேலே போவேன்.
வீங்கி வரும், தெரியும்.
அப்புத்தளையில்
அவளே திறக்கட்டும்.