முப்பது நாள் உத்தரவாதம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் கடை.
மாங்காய் மண்டிக் கணக்கர் ஒருவர்
பழுது பார்க்கக் கொடுத்த ஃபிரிட்ஜ்.
இரண்டு மாம்பழக் காலம் கடந்தும்
கேட்க ஆள் வரவில்லை.
கம்ப்ரசர் செத்துப் பல நாள்.
கதவின் காந்தம் மட்டும்
இன்னும் பிடிவாதமாய் ஒட்டும்.

மழை புகாது. எலி நுழையாது.
மலைப்பாறை கக்கும் வெயில்கூட
உள்ளே போக யோசிக்கும்.
தெருவோரம் நிறுத்தி
வீட்டிலிருந்த ஒன்பது புத்தகங்களை அடுக்கினேன்.
'எடுங்கள், வையுங்கள், காசில்லை' என்று
கதவில் பெயின்ட்டால் எழுதினேன்.
முதல் நாள் யாரோ
அரை லிட்டர் பால் பாக்கெட் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு நிரம்பியது.
ஃப்ரீசரில் குரூப் ஃபோர் வழிகாட்டிகள்,
காய்கறித் தட்டில் படக்கதைகள்,
முட்டைக் குழிகளில்
பென்சில் துண்டு, அழிப்பான்,
யாருடைய கண்ணாடியிலிருந்தோ ஒற்றைக் கால்.
தெலுங்கு தமிழோடு சாய்ந்து நிற்க
உருது மட்டும்
வலப்பக்கமிருந்து திறந்துகொண்டது.

நூலகம் என்றால் முத்திரை வேண்டுமாம்.
சொன்னது முனவ்வர் சார்.
என்னிடம் இருந்ததோ
பில்லில் குத்தும் ஒரே முத்திரை:
'பழுது நீக்கப்பட்டது. முப்பது நாள் உத்தரவாதம்.'
அதையே குத்தினேன்,
சட்டப் புத்தகத்திலும்
சமையல் குறிப்பிலும்
அழவைக்கும் காதல் கதை ஒன்றின் நெற்றியிலும்.

ஆடியில் ஒரு காலை
கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர்.
குழியில் அழிப்பான் மட்டும்.

தெரு கூடியது.
திருட்டு என்றாள் நாகவேணி.
"காசில்லைன்னு நீங்கதானே எழுதுனீங்க,
எடுத்தவன் எப்படித் திருடன்?"
தேர்வுக்குப் படிக்கும் கோவர்த்தனன் கேட்டான்.
ஒன்று எடுத்தால் வாசகன்.
எல்லாம் எடுத்தால்?
எத்தனையாவது புத்தகத்தில்
ஒருவன் திருடனாகிறான்?
எண் யாருக்கும் தெரியவில்லை.
டீ ஆறியது.

நான்காம் நாள்
பழைய பேப்பர் கடைத் திம்மராயன்
மொபெட்டில் இரண்டு மூட்டையோடு வந்தார்.
"பதினொரு கிலோ முந்நூறு.
பிரிச்சா உள்ள உன் முத்திரை.
பழுது பாத்த சாமான நான் ஒடைக்கறதில்ல."
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
ஆள் யார் என்றேன்.
"எடதான் பாப்பேன், மூஞ்சி பாக்கமாட்டேன்" என்றவர்
வண்டியைக் கிளப்பி
ஏதோ நினைத்து அணைத்தார்.
"தராசுல வச்ச பெறகு
ஒண்ண மட்டும் திரும்ப எடுத்துக்கிட்டான்.
இது இருக்கட்டும்னான்.
முள்ளு கொஞ்சம் எறங்குச்சு.
அவ்வளவுதான் தெரியும்."

எது அது?
பட்டியல் என்னிடம் இல்லை.
மூட்டையைப் பிரித்து அடுக்கும்போது
ஒவ்வொருவராய் வந்து தேடினார்கள்,
தாம் வைத்தது அங்கே
இருந்துவிடக் கூடாதே என்று.
"என் சமையல் புத்தகத்தப்
போயும் போயும் தராசுல போட்டுட்டானே"
என்று நாகவேணி முகம் சுருங்கினாள்.
முனவ்வர் சார் தன் உருதுப் புத்தகத்தை
இருமுறை புரட்டிவிட்டு
மெதுவாக உள்ளே வைத்தார்.
கோவர்த்தனன் எதையும் வைத்ததில்லை,
எடுத்ததோடு சரி.
அவனும் தேடினான்.

என் ஒன்பதில் எட்டு இருந்தன.
ஒன்பதாவது, தொழில் பழகிய நாளில் வாங்கியது.
மோட்டாருக்குக் காயில் சுற்றும் கணக்கு,
ஓரமெல்லாம் என் கிரீஸ் விரல்.
சித்திரையிலேயே யாராவது எடுத்துப் போயிருக்கலாம்.
யாரிடமும் சொல்லவில்லை.

பூட்டச் சொன்னார்கள்.
அந்த ஃபிரிட்ஜுக்குப் பூட்டு உண்டு,
சாவி ஆணியில் தொங்குகிறது.
நான் செய்தது,
கம்ப்ரசர் பக்கம் போகாமல்
பல்புக்கு மட்டும் ஒரு ஒயர் இழுத்ததுதான்.

மாடியில் படுத்திருக்கையில்
சில ராத்திரி, பன்னிரண்டுக்கு மேல்,
எதிர்ச்சுவரில் மஞ்சளாய் ஒரு சதுரம் விழும்.
சற்று நேரம் நிற்கும்.
பால் பாக்கெட்டாகவும் இருக்கலாம்.
எழுந்து பார்ப்பதில்லை.