ஹாரன் ரிலே

பேட்டரிதான் அண்ணே என்கிறார் இன்னாசி.
ஆகஸ்டில் ஷார்ஜாவில் எல்லோருக்கும் பேட்டரிதான்.
சாவியைத் திருப்பச் சொன்னேன்.
கிர்ரென்று சுற்றுகிறது,
டேஷ்போர்டு வெளிச்சம் மங்கவில்லை.
சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
பேட்டரி இல்லை.

மணி ஒன்பதரை. பானெட்டில் வைத்த கையை
உடனே எடுக்க வேண்டியிருந்தது.
பத்தரைக்குள் பார்சல் ஏற்றி
ராஸ் அல் கைமா போயாக வேண்டுமாம்.
பகல் முழுக்கக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்,
ராத்திரிக்கு இது.
நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.
டார்ச்சை நீட்டும்போது
காதுவரை ஒரு கொட்டாவி.

ஸ்டார்ட் வேண்டாம், ஆன் மட்டும் பண்ணுங்க
என்று பின்சீட்டில் காதை வைத்துப் படுத்தேன்.
அடியில் பம்ப் முனக வேண்டும்,
இரண்டு விநாடி,
தூக்கத்தில் புரளும் ஆள் மாதிரி.
முனகவில்லை.
காதுக்குக் கீழே உறையில்லாத தலையணை,
எண்ணெய்ப் பிசுக்கு.

புகைக்குழாயில் பெட்ரோல் வாசம் இல்லை.
ஒரு பிளக்கைக் கழற்றினேன்,
பொறி நீலமாக, ஒழுங்காக வந்தது.
டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியால் நாலு தட்டு.
சில பம்புகள் அதட்டினால் எழுந்துவிடும்.
இது எழவில்லை.

எழுந்து முன்பக்கம் போகும்போதுதான் பார்த்தேன்:
இடப்பக்கம் முழுக்க ஒரு சிவப்புக் கோடு.
ரோடு வேலைக்கு வைக்கும் பிளாஸ்டிக் தடுப்பின் நிறம்,
முன்சக்கரத்திலிருந்து பின்கதவு வரை
ஸ்கேல் வைத்து இழுத்தது போல.
விழித்திருந்தவன் இழுத்த கோடு
எங்கேயாவது வளைந்திருக்கும்.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன்.
எல்லாவற்றின் மேலும் பாலைவனம் மாவாய்ப் படிந்திருக்க
ஒரு குழி மட்டும் காலி.
நாலு துளை, தூசி தொடாத கறுப்பு.
பம்ப் ரிலே இருக்க வேண்டிய இடம்.
ரிலே தானாகக் கழன்று விழாது,
கடைவாய்ப் பல் அது,
அசைத்து அசைத்துப் பிடுங்க வேண்டும்.
மூடியின் உட்புறம் ஒரு பெருவிரல் ரேகை,
மஞ்சளாக.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது.
எட்டுப் பேர் அறையில்
இன்றைக்குச் சமையல் முறை தவசிலிங்கத்துக்கு.
பேப்பர் கப்பைப் பிடித்திருந்த விரல்களில் மசாலா.
லுங்கி மடிப்பில் ஏதோ சின்னதாகப் புடைத்திருந்தது,
தீப்பெட்டி அளவுகூட இல்லை.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் டீயைப் பார்த்தேன்.

காலிக் குழிக்குப் பக்கத்திலேயே ஹாரன் ரிலே.
அதே அளவு, அதே நாலு கால்.
பிடுங்கி இங்கே செருகினால் பத்து விநாடி,
ஹாரன் மட்டும் இல்லாமல் வண்டி கிளம்பிவிடும்.
தொழில் தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான்.
நூறு முறை நானே செய்து
சிரித்துக்கொண்டு காசு வாங்கியிருக்கிறேன்.

மூடியை வைத்து அழுத்தினேன்.
டக்.
பம்ப் போயிருக்கு. காலையில கடை திறந்தாத்தான்.

இன்னாசி போனில் இந்தியில் யாரிடமோ கெஞ்சினார்,
அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது.
ஒரு ராத்திரிக்கு நூற்றிருபது திர்ஹம்.
அதை யார் கணக்கில் எழுதுவது என்று
இப்போதும் எனக்குத் தெரியவில்லை.
ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டுத் திரும்பினால்
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்,
கையில் கப் சாய்ந்துகொண்டே வருகிறது.
சிந்துவதற்கு முன்
தவசிலிங்கம் அதை மெதுவாக உருவிக்கொண்டார்.
ரிலேவை எடுக்கவும் அந்தக் கைதான்
போயிருக்கும் என்று நினைத்தேன்,
அதே மெதுவில்.

காலை ஏழுக்குப் போன்:
அண்ணே, அதுவா ஸ்டார்ட் ஆயிடுச்சே!
சூடு ஆறியிருக்கும் என்றேன்.
அப்போ பம்ப் மாத்த வேண்டாமா?
வேண்டாம்.
ஆனா இப்படியே ஓட்டினீங்கன்னா
மறுபடியும் ஒருநாள் நிக்கும்.