வினைமுற்று

மாமன்றத் தீர்மானத்தில் ஒரு வாக்கியம்
ஒரு பக்கம் பிடிக்கும்.
பார்வை ஒன்றில் கண்ட கடிதத்தின்படியும்
வார்டு மக்கள் அளித்த மனுவின்பேரிலும்
என்று இழுத்துக்கொண்டே போய்
கடைசிச் சொல்லில்தான் தெரியும்
சாக்கடை தூர்வாரப்படுமா, இல்லையா.
இருபத்திரண்டு வருடமாய்
அந்தக் கடைசிச் சொல்லை அடிப்பவள் நான்.

பொருள் எண் முப்பது: கொசப்பேட்டையில் மூன்று தெருவிளக்கு.
முப்பத்திரண்டு: நாய்களுக்குக் கருத்தடை.
நடுவில் இது.

ஆஸ்பத்திரி எதிர்ச்சந்தில்
லாட்ஜ் லாட்ஜாய் ஒட்டியிருந்தார்கள்.
மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து,
அடியில் கோட்டை மண் காப்புப் படை.
வடக்கனுக்கு அறை கொடுக்காதே.
கொடுத்தால் கண்ணாடிக்கு நாங்கள் பொறுப்பல்ல.

மகனின் ரத்தத்தைக் காட்ட
மால்டாவிலிருந்து வந்த தபன் மண்டலுக்கு
அதை வாசிக்கத் தெரியாது.
அந்தத் தாளுக்குக் கீழேதான் நிழல் இருந்தது.
உட்கார்ந்து பையனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது
அடித்தார்கள்.
தமிழில் மன்னிப்புக் கேள் என்றார்களாம்.
அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று:
டோக்கன் எத்தனை, சாப்பாடு பார்சல், வலிக்குது.
மூன்றாவதைச் சொன்னாராம்.

மேலிடத்திலிருந்து வந்த வரைவு
'சில விரும்பத்தகாத நிகழ்வுகள் குறித்து
இம்மாமன்றம் வருந்துகிறது' என்று முடிந்தது.
வருந்துகிறது.
பாலாற்றில் தண்ணீர் வந்தாலும் வருந்துவோம்,
வராவிட்டாலும்.

துளுக்காணம் எழுந்தார்.
மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி,
மூன்று முறை கவுன்சிலர், ஒருமுறைகூட மைக் பிடிக்காதவர்.
"இன்னாத்துக்கு வருந்தணும்? நாமளா அடிச்சோம்?
படையோட பேரைப் போடு. கண்டிக்கிறோம்னு போடு."

"ஓட்டு இங்க கீது, மால்டாவுல இல்ல"
என்றார் தாண்டவராயன்.
"நம்ம பசங்க வேலையில்லாம சுத்தறானுங்க,
அத்த எந்தத் தீர்மானத்துல எழுதுவ?"
அதில் பொய்யில்லை.
என் தம்பி மகன் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வாசலில்
எட்டு மாதமாய் பயோடேட்டாவுடன் நிற்கிறான்.

"என் பேருலயே துலுக்கன் குந்திகினு கீறான்,
அவன எந்த ரயில்ல ஏத்தி அனுப்புவ?"
சபை சிரித்தது. துளுக்காணம் சிரிக்கவில்லை.
"எங்கப்பன் காட்பாடியில ரயிலேறி
பெங்களூர்ல சாரம் கட்டனவன்.
ஒரு ராத்திரி குடிசைய கொளுத்தனானுங்க.
கை வெந்து திரும்பி வந்தவன்
கொளுத்தனவன பத்தி பேசவே மாட்டான்.
அந்த ஊர்ல ஒருத்தராச்சும்
தப்புன்னு வாய் தொறந்தாங்களான்னுதான்
சாகறவரைக்கும் கேட்டுகினு இருந்தான்."

மின்விசிறி சத்தம் கேட்டது.

ஆதரவு முப்பத்தொன்று. எதிர்ப்பு ஆறு.
மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

கண்டிக்கிறது, என்று அடித்தேன்.
படையின் பெயரை முழுசாக அடித்தேன்.
'மேலும், மொழி, இனம் காரணமாக
அறை மறுக்கும் விடுதிகளும்
வீட்டு உரிமையாளர்களும்'

அங்கே விரல் நின்றது.
சத்துவாச்சாரியில் என் மாடி போர்ஷன்.
போன வாரம் அசாம் நர்ஸ் ஒருத்தி வந்து கேட்டாள்.
ஆள் வந்துட்டாங்கம்மா, என்றேன்.
வரவில்லை. பூட்டு தொங்குகிறது.
யாரும் மஞ்சள் தாள் ஒட்டவில்லை என் சுவரில்,
தேவைப்படவில்லை.

சாயங்காலம் அந்தச் சந்து வழியே வந்தேன்.
எத்திராஜ் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
நல்ல கோந்து. பாதிதான் வந்திருந்தது.
வடக்கனுக்கு அறை கொடு
என்று நின்றது சுவர்.
"பாருக்கா, தானா நல்லதா மாறிடுச்சு" என்றான்.
தமிழில் அறை இரண்டு, எத்திராஜ்.
ஒன்றை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.
முழுசா எடுத்துடு.

அவள் எண்ணைக் காலண்டரில் கிறுக்கியிருந்தேன்,
பால் கணக்குக்குப் பக்கத்தில்.
ஆறாவது இலக்கம் ஒன்றா ஏழா தெரியவில்லை.
முதலில்
ஏழு போட்டுப் பார்க்கிறேன்.