அரைச் சுற்று

வல்பரைசோவில், ஒரே குன்றில், இரண்டு வீடுகள்.
மேலே இருப்பதற்கு நூற்றுப் பதினாறு படி,
கீழே இருப்பதற்கு எழுபத்தொன்று.
எண்ணியது நான். நெஸ்டோர் எண்ணமாட்டான்.
கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே ஏறுவான்,
எங்கே துரு தின்றிருக்கிறது என்று பார்க்க.

கீழ்வீடு முடிந்த வீடு.
தரகர் ஃப்ரெசியா சாவியை ஒருமுறைதான் திருப்பினாள்.
புதுத் தரை, புது மின்கம்பி,
இன்னும் பிளாஸ்டிக் உரிக்காத அடுப்பு.
குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது.
சிரிக்காதீர்கள். பதினொரு வருடம்
ஒழுக்குக்கு வாளி வைத்து வாழ்ந்தவளுக்கு
அது ஒரு சம்பவம்.

மேல்வீடு பதினெட்டு மில்லியன் பெசோ மலிவு.
வெளியே கடுகுநிறத் தகரம்,
மழை அடிக்கும் பக்கம் நிறமே இல்லை.
உள்ளே மண்ணும் வைக்கோலும் பிதுங்கும் சுவரில்
கடைசி பூகம்பம் கூரையிலிருந்து ஜன்னல் வரை
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.
உத்திரத்தைப் பேனாக்கத்தியால் குத்தினான் நெஸ்டோர்.
ரொட்டிக்குள் போவதுபோல் போனது.
"கறையான்" என்றான்,
பழைய சிநேகிதனைக் கூட்டத்தில் கண்டவன்போல.

அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
மூன்று வருடம் முன்பு, துறைமுகத்து மருந்துக்கடை வரிசையில்
தூங்காத கண்ணோடு, பொத்தான் மாற்றிப் போட்ட கோட்டோடு
நான் நின்றபோது
என்னை அப்படித்தான் பார்த்தான்.

"சனி ஞாயிறு போதும்.
இரண்டே வருடத்தில் தூக்கி நிறுத்திவிடலாம்."
தரகர் தந்த தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
மரம், தகரம், கழிவுக்குழாய்,
அப்புறம் சுமைகூலி. இந்தக் குன்றில்
சிமெண்ட் மூட்டையும் மனிதன் முதுகில்தான் ஏறும்.
பதினெட்டு இளைத்து நான்கானது,
நான்கு கடனானது.
ஆனால் கணக்கல்ல காரணம்.

வீட்டைக் கட்டிப் பார்த்ததில்லை நான்.
கல்யாணம் பண்ணிப் பார்த்தாயிற்று.
ஓஸ்வால்தோவுக்கு நல்ல அஸ்திவாரம், எல்லோரும் சொன்னார்கள்,
கொஞ்சம் வேலை பாக்கி, அவ்வளவுதான்.
குடியை நிறுத்தினால் கடன்,
கடனை அடைத்தால் கோபம்,
இந்தப் பக்கம் பூசினால் அந்தப் பக்கம் உதிரும்.
பதினொரு வருடம் சாரத்தின் மேல் நின்றேன்.
இனி ஏறமாட்டேன்.

இதை நெஸ்டோரிடம் சொல்லவில்லை.
சொன்னால் அடுத்ததையும் கேட்க வேண்டும்:
முடிந்த வீட்டில், பழுது நீங்கிய பெண்ணோடு
உன் கைகள் என்ன செய்யும்?

பனிமூட்டம் கடலை எடுத்துக்கொண்டது.
கேஸ்காரன் சிலிண்டரைக் கம்பியால் தட்டிக்கொண்டு போனான்.
கடல்சிங்கங்களுக்குள் ஏதோ தகராறு.
படியில் உட்கார்ந்து ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
"கீழ்வீட்டுக் குளியலறைக் கதவு," என்றேன்,
"சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது."
அவன் மெல்லுவதை நிறுத்தினான்.
"கீல். மேல்திருகு."
"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்."

வாங்கினோம். பத்திரம் முடிந்த மாலையே
எம்பி நின்று, நூறு பெசோ நாணயத்தால்
அந்தத் திருகை இறுக்கினான். கதவு சாத்தியது.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

அது ஜூன், குளிர். இப்போது டிசம்பர்.
அவன் இரவு வேலைக்குப் போன பிறகு
அதே நாணயத்தோடு வீட்டைச் சுற்றி வருகிறேன்.
ஒரு வாரம் அலமாரிக் கைப்பிடி,
ஒரு வாரம் ஜன்னல் கொக்கி.
அரைச் சுற்று. அதற்கு மேல் இல்லை.
விடிந்து வந்து தேநீர் வைக்கும்போது
"முடிந்த வீடாம், முடிந்த வீடு" என்று முணுமுணுப்பான்,
முணுமுணுப்பே விசிலாகிவிடும்.

போன செவ்வாய் கிண்ணத்தில் நாணயத்தைக் காணோம்.
அந்த இடத்தில் ஒரு சின்னத் திருப்புளி,
சிவப்புக் கைப்பிடி, என் உள்ளங்கைக்கு அளவாக.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நாணயம் திருகின் தலையைத் தேய்த்துவிடும்.