ரைட்

ஹல் நகரத்துப் பிப்ரவரி.
ஆஸ்பத்திரி சன்னலுக்கு வெளியே
ஹம்பர் ஆறு தகர நிறத்தில் கிடந்தது.
மூளைக்குள் புகுந்த ஒரு ரத்தக்கட்டி
வில்ஃப்பின் வலக்கையை எடுத்துக்கொண்டது,
வலக்காலை எடுத்துக்கொண்டது.
என் பெயரை, நாயின் பெயரை,
ஒன்று இரண்டு மூன்றை.
கெட்ட வார்த்தைகள் லேசில் போகாது என்றாள் நர்ஸ்.
அவையும் போயின.
ஒன்றை மட்டும் ஏனோ விட்டுவைத்தது.

ரைட்.

முப்பத்தோரு வருஷம்
துறைமுகத்தில் லாரிகளைப் பின்னால் வரவழைத்த மனுஷன்.
மஞ்சள் கோட்டு, மழை, மீன்வாடை,
ரைட், ரைட், இன்னும் கொஞ்சம் ரைட்.
அதனால்தான் அடியில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ,
எத்தனை தேய்த்தாலும் கோப்பையில் நிற்கும்
டீக்கறை மாதிரி.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த ப்ரோனா
அட்டைகளை நீட்டினாள்.
சாவி. ரைட்.
குடை. ரைட்.
வாத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு,
ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல், ரைட்.
மூன்றுக்கும் பூஜ்யம்.
அவள் அதை எழுதும்போது
பேனாவைக் காட்டி ரைட் என்றார்.
எங்கள் மொழியில் எழுதுவதற்கும் அதே ஓசைதான்.
அரை மார்க்காவது போட்டிருக்கலாம்.

நான் வேறு கணக்கு வைத்தேன்,
காலண்டரின் முதுகில்.
மேலே ஏறிப்போனால் டீ.
இழுத்தால் தோள்பட்டை.
கத்தரித்த மாதிரி வந்தால், நீ சொல்வது தப்பு.
சரி என்று பொருள்படும் சொல்லால்
என்னைத் தப்பு என்கிறார்.
கல்யாணமான நாளிலிருந்தே
அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்,
கூடச் சில வார்த்தைகள் இருந்தன, அவ்வளவுதான்.

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார்.
படிவத்தின் பதினேழாம் பக்கத்தில் நிமிர்ந்து
"உங்கள் உரிமைகள் என்னவென்று தெரியுமா?" என்றார்.
உரிமைக்கும் அந்தச் சொல்லேதான்.
வில்ஃப், மடியில் கிடந்த வலக்கையை
இடக்கையால் தூக்கி
அவருடைய ஃபைலின்மேல் வைத்தார்.
ரைட்.
கனத்த கை அது.
அவருக்கு ஃபைலை உருவவும் தெரியவில்லை,
அப்படியே விடவும் முடியவில்லை.

ஞாயிறுதோறும் என் தங்கை புருஷன் டெஸ்மண்ட்,
ஒழுகும் கேரவன் கூரையைப் பற்றி
இரண்டு மணி நேரம்.
எங்கள் பக்கத்தில் விருந்தாளி
முழங்காலில் ஓங்கித் தட்டி ரைட் என்றால்
கிளம்புகிறேன் என்று அர்த்தம்.
அன்றைக்குத் தட்டியது வீட்டுக்காரர்.
வாக்கியம் பாதியில் நிற்க
டெஸ்மண்ட் எழுந்து கோட்டைத் தேடினார்.
அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்,
பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.

எல்லா நாளும் அப்படி இல்லை.
ஒரு ராத்திரி, மணி இரண்டு,
மூன்றாம் முறை படுக்கை விரிப்பை மாற்றும்போது
வேறு வார்த்தையே கிடைக்கலையா உனக்கு
என்று கத்திவிட்டேன்.
வாயைத் திறந்தார்.
தேடினார்.
நெற்றி நரம்பு புடைக்கத் தேடினார்,
இருட்டில் பையைத் துழாவுகிறவர்போல.
பிறகு, மெல்ல, அதே சொல்.
அந்தத் தொனிக்கு
காலண்டரில் வரி இல்லை.
இன்றுவரை எழுதவில்லை.

போன வியாழக்கிழமை
வாஷிங் மெஷின் கொண்டுவந்த வேன்
எங்கள் சந்தில் பின்னால் வர முடியாமல் முனகியது.
ஓட்டி வந்தவன் ருமேனியப் பையன்,
கண்ணாடியில் தெரிந்ததெல்லாம்
திறந்த சன்னலும் ஒரு கிழவனின் இடக்கையும்.
ரைட், என்றது கை.
ரைட்.
இன்னும் ரைட்.
வேன் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது.
எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது:
சுவர் நெருங்குகிறது,
நில் என்பதற்கு இவரிடம் என்ன இருக்கிறது?

ரைட்!

நின்றது.
பையன் கட்டைவிரலைக் காட்டினான்.
நான் செருப்பு மாட்டாமல் வெளியே போய்
சுவருக்கும் பம்பருக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தேன்.
மூன்று விரல்,
நான்காவது நுழையவில்லை.