பதினேழாவது போல்ட்

ஆயுத பூசையன்று மிஷினுக்கெல்லாம் லீவு.
லேத்துக்குச் சந்தனம், டிரில்லுக்குக் குங்குமம்,
வெல்டிங் கண்ணாடிக்குக்கூட ஒரு பொட்டு.
"இன்னைக்கு எதையும் சுத்தக் கூடாது" என்றார் மொதலாளி.
"இது மிஷின் இல்லீங்" என்றாள் ரங்காத்தாள்,
தார்ப்பாயை உருவிக்கொண்டே.

மூணு சக்கர வண்டிமேல்
ஓட்டை விழுந்த கிரைண்டர் டிரம்.
அதைச் சுற்றி இருபத்திரண்டு போல்ட்.
பின்சக்கரம் உருண்டால் டிரம் உருளும்,
போல்ட் இடறினால் நெம்புகோல் துள்ளும்,
அதன் நுனியில் கட்டிய பழைய ரப்பர் செருப்பு
போர்வெல் பைப்பின் வாயில் அறையும்.
ஏழு பைப்பு, ஏழு நீளம்.
அறுத்து அறுத்துச் சுருதி பிடிக்க ரெண்டு மாசம்.
நடுவில் ஒன்றுக்கு மட்டும் சளி பிடித்த குரல்.
கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆவாரம்பாளையம் மேட்டில் மிதித்தால்
பாட்டு இடுப்பில் கைவைத்து நடக்கும்.
இறக்கத்தில் அதுவே
கடைசி பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி ஓடும்.
வேகத்தடைகள்
நாங்கள் வைக்காத தாளத்தைத்
தாங்களே வைத்தன.

பவுண்டரிக்காரர்கள் பொரி மென்றபடி பின்னால் வந்தார்கள்.
டிராபிக் போலீஸ் ஒருவர்
நிறுத்தச் சொல்லி விசில் ஊத,
சுருதி சேர்ந்துவிட்டது.
அவருக்கே கூச்சமாகப் போய்
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு ரோட்டில் உடைத்த பூசணிக்காய்.
சக்கரம் வழுக்கி நான் விழ,
என்மேல் ரங்காத்தாள்.
எழுந்து மிதித்தால்
பாட்டில் ஒரு பல் இல்லை.
பதினேழாவது போல்ட்.
சுற்றுக்குச் சுற்று அந்த இடத்தில்
வெறுங்காற்று.

நாலாம் சுற்றில்
பீகாரிலிருந்து வந்த மோல்டிங் முகேஷ்
அந்தக் குழிக்குள் "ஹோய்" என்று ஒன்றைப் போட்டான்.
அடுத்த சுற்றில் டீக்கடை மொத்தமும்.
அதற்கடுத்து, பின்னால் வழி கிடைக்காத டவுன் பஸ்,
ஏர்ஹாரனோடு.
கணபதி வருவதற்குள்
இருபத்தொரு போல்ட்டை யாரும் கேட்கவில்லை.
இல்லாத ஒன்றுக்காக
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது தெரு.

மறுநாள் விஜயதசமி.
வேலைக்குப் போகிற வழியில் போல்ட் கிடைத்தது,
பூசணி விதை ஒட்டிக்கொண்டு.
"மாட்டிரட்டுமா?" என்றேன்.
ரங்காத்தாள் முகமூடியை இறக்கினாள்.
பொறி பறந்தது, பதில் வரவில்லை.

அன்றைய ஆர்டரில் ஒரு போல்ட் குறைந்தது.
துடைத்து,
ஒன்றரை எச்பி பம்பு ஒன்றில் அதை முறுக்கிவிட்டேன்.
உடுமலைப் பக்கம் ஏதோ கிணற்றில் இருக்கிறது இப்போது.
தண்ணி நல்லா வருதாம்.